அலாஸ்காத் தொல்குடிச் சிற்றூர்களில் உளநலத் துணைப்பணியாளர்: உறவும் தொழிலறமும்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஒன்றியத்தின் அலாஸ்கா மாநிலத்தில், தொல்குடியினர் வாழும் தொலைதூரச் சிற்றூர்களில் அவ்வூராரையே பயிற்றுவித்து உளநலப் பணியில் அமர்த்தும் ஏற்பாடு 2009ஆம் ஆண்டு முதல் சான்றளிப்பு முறையுடன் நடைபெற்று வருகிறது. அப்பணியின் தோற்றம், படிநிலை, மொழிச்சூழல், தொழிலறச் சிக்கல் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. பணியாளரின் ஊருறவே இப்பணியின் வலிமை; அவர்தம் சுமைக்கும் அதுவே காரணம் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச் சொற்கள்: அலாஸ்கா, யுப்பிக், தொல்குடி, உளநலம், துணைப்பணியாளர், மௌனம், தொழிலறம்

முன்னுரை

அலாஸ்காவில் ஒன்றிய அரசின் ஏற்புப் பெற்ற தொல்குடிச் சமூகங்கள் இருநூற்றுக்கும் மேற்பட்டவை. அவற்றின் சிற்றூர்கள் பலவற்றில் சில நூறு பேரே வாழ்கின்றனர். பெரும்பாலானவற்றிற்குச் சாலை வழி இல்லை. சிறு வானூர்தி, கோடையில் படகு, குளிர்காலத்தில் பனியூர்தி ஆகியவையே போக்குவரத்து. வானிலை கெட்டால் நாட்கணக்கில் எவரும் வரவோ போகவோ இயலாது. இத்தகைய ஓர் ஊரில், நள்ளிரவில் இளைஞன் ஒருவன் தன்னுயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தில் இருக்கிறான் எனில், அவனருகே செல்லக்கூடியவர் யார் என்னும் வினாவிற்கு விடையாக உருவானதே இப்பணி. அலாஸ்காத் தொல்குடியினரிடையே, குறிப்பாக இளம் ஆண்களிடையே, தற்கொலை விகிதம் நாட்டின் பொதுவிகிதத்தைவிட மிக உயர்ந்திருப்பது பல்லாண்டுகளாகப் பதிவாகி வரும் உண்மையாகும்.

கலைச்சொல் குறித்து

ஆங்கிலத்தில் இப்பணியாளர் 'பிஹேவியரல் ஹெல்த் எய்டு' என வழங்கப்படுகிறார். உளநோய், மது மற்றும் போதைப்பொருள் சார்பு, குடும்ப வன்முறையின் பின்விளைவு ஆகிய அனைத்தையும் இத்தொடரின் முதற்பகுதி உள்ளடக்குகிறது. இதனை 'நடத்தைநலம்' எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தல் பொருந்தாது. தமிழில் 'நடத்தை' என்பது ஒழுக்க மதிப்பீட்டைச் சுமந்து நிற்கும் சொல். 'நன்னடத்தைச் சான்றிதழ்', 'நடத்தை கெட்டவர்' என்னும் வழக்குகள் இதற்குச் சான்று. துயருற்றவரைக் குற்றவாளியாகக் காட்டும் கலைச்சொல் பணியின் நோக்கத்திற்கே முரணாகும். 'உளநலம்' என்பது மதுச்சார்பை வெளிப்படையாகச் சுட்டாவிடினும் இக்குறை அற்றது. 'துணை' என்னும் முன்னொட்டோ 'துணைவேந்தர்' என்பதிற் போலப் படிநிலையையும், 'துணைக்கு வருதல்' என்பதிற் போல உடனிருத்தலையும் ஒருங்கே உணர்த்தும். இவ்விரு பொருளும் இப்பணிக்குரியவை ஆதலின் 'உளநலத் துணைப்பணியாளர்' என்னும் சொல்லாட்சி இக்கட்டுரையில் கையாளப்படுகிறது.

தோற்றமும் வளர்ச்சியும்

இப்பணியின் வேர் காசநோய் ஒழிப்பில் உள்ளது. 1950களில் அலாஸ்காத் தொல்குடியினரைக் காசநோய் பெருமளவில் தாக்கியபோது, நீண்டகால மருந்தை நாள்தோறும் வழங்கிக் கண்காணிக்க ஊரார் சிலரே பொறுப்பேற்றனர். வானொலி வழியே தொலைவிலுள்ள மருத்துவரிடம் நோய்க்குறிகளைக் கூறி அறிவுரை பெறும் வழக்கமும் வளர்ந்தது. 1968ஆம் ஆண்டு இவ்வேற்பாடு ஒன்றிய அரசின் முறையான ஏற்பையும் நிதியையும் பெற்றுச் சமுதாயநலத் துணைப்பணியாளர் திட்டம் ஆயிற்று. 1975ஆம் ஆண்டின் தன்னாட்சிச் சட்டம், தொல்குடி அமைப்புகளே தம் மருத்துவப் பணிகளை ஏற்று நடத்த வழிவகுத்தது. 1998இல் சான்றளிப்பு வாரியம் ஒன்று அமைந்தது. உடல்நலம், பல்நலம் ஆகியவற்றைத் தொடர்ந்து உளநலமும் இக்குடையின்கீழ் வந்தது. 2008இல் தகுதிநெறிகள் ஏற்கப்பட்டு, 2009இல் முதற் சான்றிதழ்கள் வழங்கப்பட்டன.

நோயாளியை ஊரிலிருந்து பெயர்த்து நகருக்குக் கொண்டுசெல்லாமல், அறிவை ஊருக்குள் கொண்டுவருதல் என்னும் கொள்கையே இவ்வளர்ச்சி முழுவதிலும் தொடர்வதைக் காணலாம்.

படிநிலைகளும் பணிகளும்

இப்பணியில் நான்கு நிலைகள் உள்ளன. முதல்நிலைப் பணியாளர் நலச்சிக்கல்களை முதற்கட்டமாகக் கண்டறிதல், பதிவுசெய்தல், உரிய சேவையோடு இணைத்தல், ஊர்க்கல்வி, தடுப்புப்பணி ஆகியவற்றைச் செய்வார். இரண்டாம் நிலையினர் மது, போதைப்பொருள் சார்பினை மதிப்பிட்டு ஆற்றுப்படுத்துவர். மூன்றாம் நிலையினர் உளநோயும் போதைச்சார்பும் ஒருசேர உடையோருக்கான மறுவாழ்வுப் பணியை மேற்கொள்வர். நான்காம் நிலையினராகிய உளநலப் பணிவல்லுநர், ஏனைய நிலையினரை வழிநடத்தும் பொறுப்புடையவர். ஒவ்வொரு நிலைக்கும் வரையறுத்த பாடப்பயிற்சியும் மேற்பார்வையுடன் கூடிய பணிப்பட்டறிவும் தேவை. எந்நிலையினரும் உரிமம் பெற்ற உளநல மருத்துவப் பணியாளர் ஒருவரின் மேற்பார்வையின்றி இயங்குவதில்லை. மருந்து எழுதித் தருதல் அவர்தம் அதிகாரத்திற்கு உட்பட்டதன்று.

அலாஸ்காப் பல்கலைக்கழகத்தின் ஊர்ப்புற மனிதநலச் சான்றிதழ்ப் படிப்பு இப்பணிக்குரிய பயிற்சி வழிகளுள் ஒன்று. அதன் வகுப்புகளில் தொல்குடி முதியோரும் அமர்ந்து கற்பித்தலில் பங்கேற்பது குறிப்பிடத்தக்கது. நூலறிவும் முதியோர் வழக்கும் ஒரே அவையில் வைக்கப்படுவதால், பின்னது வெறும் அணிகலனாகக் குறுகிவிடாமல் காக்கப்படுகிறது.

நோவின் வரலாறு

தனிமனிதக் குறைபாடாக மட்டும் இத்துயரை நோக்கின் அதன் காரணம் புலப்படாது. 1900ஆம் ஆண்டு தட்டம்மையும் இன்புளுயன்சாவும் ஒருங்கே பரவி மேற்கு அலாஸ்காவின் ஊர்கள் பலவற்றை அழித்தன. எஞ்சியோரில் பலர் பெற்றோரை இழந்த சிறார். அவர்களும் அவர்தம் வழித்தோன்றல்களும் மறைப்பணியாளர் நிறுவனங்களிலும் பள்ளிகளிலும் வளர்ந்தனர். தாய்மொழி பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டோர் பலர். ஊரில் உயர்நிலைப் பள்ளி இன்மையால் பதின்பருவத்தினர் தொலைவிலுள்ள உறைவிடப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டனர். 1976ஆம் ஆண்டின் வழக்குத் தீர்வுக்குப் பின்னரே ஊர்தோறும் உயர்நிலைப் பள்ளி அமையும் நிலை உருவாயிற்று.

யுப்பிக் இனத்தவரான ஹெரால்ட் நெப்போலியன், சிறையில் இருந்த காலத்தில் எழுதி 1991இல் வெளிவந்த 'யூயரக்' என்னும் நூலில் இவ்வரலாற்றை உளவியல் நோக்கில் விளக்குகிறார். நூற்பெயர் 'மனிதராய் வாழும் நெறி' எனப் பொருள்படும். கொள்ளைநோயில் தப்பியோர் தாம் கண்டதைப் பேசாது புதைத்தனர் எனவும், 'நல்லுங்குவக்' என்னும் யுப்பிக் சொல் அம்மனநிலையைக் குறிக்கும் எனவும் அவர் காட்டுகிறார். நிகழ்ந்ததை நிகழாததுபோல் பாவித்தல் என்பது அதன் பொருள். புதைக்கப்பட்ட துயர் தலைமுறை கடந்து மதுவாகவும் வன்முறையாகவும் வெளிப்படுகிறது என்பது அவர் முடிபு. துணைப்பணியாளர் எதிர்கொள்வது இந்த மரபுவழி மௌனத்தையே எனலாம்.

மொழியும் மௌனமும்

எனினும் மௌனம் அனைத்தும் நோயன்று. யுப்பிக் வழக்கில் 'கன்ருயுதெத்' எனப்படும் அறிவுரைகளை முதியோர் 'கஸ்கிக்' என்னும் பொதுமன்றத்தில் அவையோர் அனைவருக்குமாகவே உரைத்தனர். தவறிழைத்தவரைப் பெயர்சுட்டி இடித்துரையாது பொதுவில் கூற, உரியவர் தமக்குரியதென உணர்ந்து கொள்வார். இம்மரபில் வளர்ந்தவரிடம் வினாநிரலை ஏந்தி, 'நேற்று எவ்வளவு குடித்தீர்?' என நேர்முகமாகக் கேட்பது அவமதிப்பாகப்படலாம். பேச்சிடையே நெடிது நிலவும் அமைதியை மறுப்பெனவோ உளச்சோர்வின் குறியெனவோ வெளியூர் மருத்துவர் பிழைபட உணரவும் கூடும். ஊரில் பிறந்த பணியாளர் இந்த அமைதிகளை வேறுபடுத்தி அறிவார். மீன் உலர்த்துகையிலோ வலை பழுதுபார்க்கையிலோ உடனமர்ந்து பேச்சு தானே எழக் காத்திருப்பார்.

சொற்பொருளும் இங்குக் கருதத்தக்கது. யுப்பிக் மொழியில் 'எல்லா' என்னும் சொல் உலகு, வானிலை, உணர்வுத்தெளிவு ஆகிய மூன்றையும் சுட்டும். தமிழ்ச் சொல்லோடு இதற்குள்ள ஒலியொப்புமை தற்செயலானது. புறவெளியையும் அகத்தெளிவையும் ஒரே சொல்லால் வழங்கும் மொழியினர்க்கு, உளநலத்தை நான்கு சுவர்களுக்குள் நிகழும் உரையாடலாகக் குறுக்குதல் இயல்பன்று. 'குங்காஸ்விக்' என்னும் யுப்பிக் தடுப்புத் திட்டம் இளைஞரை வேட்டைக்கும் மீன்பிடிக்கும் முதியோருடன் அழைத்துச் சென்று, வாழ்வதற்கான காரணங்களை வலுப்படுத்த முனைவது இந்நோக்கினாலேயே ஆகும்.

உறவும் மறைகாப்பும்

மேலைநாட்டு உளமருத்துவ அறநெறி, மருத்துவருக்கும் நாடிவருவோருக்கும் இடையே வேறு உறவு இருத்தலாகாது என வலியுறுத்தும். சில நூறு பேர் வாழும் ஊரில் இவ்விதி அப்படியே செல்லுபடியாகாது. நாடிவருபவர் பணியாளரின் அத்தை மகனாகவோ பள்ளித் தோழியாகவோ இருப்பார். அலுவலகத்தில் கேட்டதை அறியாதவர்போல் அன்று மாலையே அவர் வீட்டு விருந்தில் பணியாளர் அமர நேரும். பணியிடத்தின் வாயிலில் ஒருவர் நுழைவதைக் காண்பதே ஊருக்குச் செய்தியாகிவிடும்.

இதனினும் கடுமையானது சட்டக் கடமை. குழந்தை துன்புறுத்தப்படுவதாக ஐயம் எழின் அரசுக்கு அறிவித்தல் கட்டாயம். உறவினரின் குழந்தை தொலைநகருக்குக் கொண்டுசெல்லப்பட அவ்வறிவிப்பு காரணமாகலாம். உறைவிடப் பள்ளிக்குப் பிள்ளைகளை இழந்த நினைவுடைய ஊரில் அதன் வலி இருமடங்கு. அறிவியாது விடினோ குழந்தை கைவிடப்படும். அறிவித்த பின்னும் பணியாளர் அவ்வூரிலேயே வாழ்ந்தாக வேண்டும். ஊரில் தற்கொலை நிகழின், பிறரைத் தேற்ற வேண்டியவரும் இழவுக்குரியவரும் ஒருவரே ஆகிவிடுகின்றனர்.

ஆகவே நெருக்கத்தைத் தவிர்க்கவேண்டிய குறையாகக் கருதாது, முறைப்படுத்தவேண்டிய இயல்பாகக் கருதுதலே பொருந்தும். நெருங்கிய உறவினரின் வழக்கைத் தொலைமருத்துவம் வழியே வேறொருவரிடம் ஒப்படைத்தல், எதனை மறைகாக்க இயலும், எதனை இயலாது என்பதை முதற்சந்திப்பிலேயே தெளிவுறுத்தல், தம் துயரத்தைப் பணியாளர் மேற்பார்வையாளரிடம் இறக்கிவைத்தல், இழவுக்காலத்தில் மாற்றுப் பணியாளரை வெளியிலிருந்து அனுப்புதல் ஆகியவை இன்றியமையாதவை. இவை இல்லாவிடத்துத் திட்டம், ஊரின் துயரைத் தனியொருவர் தோளுக்கு மாற்றியதாகவே முடியும். அவர் பணிவிலகின் இழக்கப்படுவது ஒரு பதவி மட்டுமன்று. பல ஆண்டுகளில் ஈட்டிய நம்பிக்கையும் கூட.

முடிவுரை

காசநோய் மருந்து வழங்கலில் தொடங்கிய ஓர் ஊர்ப்பணி, அரைநூற்றாண்டில் உளநலத்தையும் தழுவியமை மேலே விளக்கப்பட்டது. பணியாளரின் மொழியறிவு, மௌனத்தை அறியும் திறன், உறவு ஆகியவை பயிற்சியால் பெறத்தக்கன அல்ல; பயிற்சி அவற்றிற்கு வடிவம் தரும். ஆனால் அவ்வுறவின் விலையைப் பணியாளர் மட்டுமே செலுத்துமாறு விடுவது அறமாகாது. 2010ஆம் ஆண்டில் நிலைபேறு பெற்ற தொல்குடியினர் மருத்துவநல மேம்பாட்டுச் சட்டம் இத்திட்டத்தை அலாஸ்காவுக்கு வெளியேயும் விரிவாக்க இடமளித்துள்ளது. பிற மாநிலங்கள் படிநிலைகளையும் பாடத்திட்டத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு, மேற்பார்வையையும் மாற்றுப்பணி ஏற்பாட்டையும் செலவெனக் கருதிக் கைவிடின், பெயர் எஞ்சும், பணி எஞ்சாது. தமிழில் உளநலக் கலைச்சொல் ஆக்குவோர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. துயருற்றவர் தம் நிலையைத் தாமே எச்சொல்லால் வழங்குகின்றனர், எதனைச் சொல்லாது விடுகின்றனர் என்பதை அறிந்த பின்னரே கலைச்சொல் வகுத்தல் தகும்.