கரிசல் மண்ணும் வாசற்படியும்

வாசற்படியை மிதிக்கலாகாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லுவது வழக்கம். அதற்கு அவர்கள் கூறும் காரணம் எதுவாயினும் ஆகுக. விளாத்திகுளம் பக்கத்துப் புது வீடுகளில் அந்த எச்சரிக்கைக்கு வேறொரு காரணமும் சேர்ந்திருக்கிறது: மிதித்தால் காலில் திருகாணி குத்தவும் கூடும்!

முன்னாளில் அறைக்கு அறை நிலை வைத்தார்கள். அதன் அடிக்கட்டை இரண்டு தரைகளுக்கும் நடுவே வரப்புப் போலக் கிடந்தது. இக்காலத்தில் உள் அறைகளுக்கு மூன்று பக்கச் சட்டமே போதுமென்று விட்டுவிடுகிறார்கள். கூடத்தில் டைல்ஸ், படுக்கை அறையில் சிமெண்டுத் தரையின்மேல் கார்ப்பெட். இரண்டும் சந்திக்கும் கதவடியில் ஒரு பிளவும் சிறு மேடுபள்ளமும் ஏற்படுகின்றன. அதை மூட ஓர் அலுமினியப் பட்டியோ பித்தளைப் பட்டியோ வைத்து, இரு பக்கமும் முடுக்கி விடுகிறார்கள். வேறு ஊர்களில் அது பல்லாண்டு கிடக்கும். கரிசல் பூமியில் இரண்டு மழைக்காலம் தாங்கினாலே பெரிது.

குற்றம் தச்சருடையதன்று, மண்ணினுடையது. வைப்பாற்றங்கரையிலுள்ள விளாத்திகுளம் முதல், பாரதியார் பிறந்த எட்டயபுரம், கோவில்பட்டி வரை பரந்து கிடக்கும் கரிசலில் மாண்ட்மோரிலோனைட் வகையைச் சேர்ந்த களிமண் மிகுதி. அதன் மெல்லிய படலங்களுக்கிடையே நீர் புகுந்தால் மண் உப்பும். நீர் வற்றினால் சுருங்கும். சித்திரை வெயிலில் கை நுழையுமளவு வெடித்து நிற்கும் நிலம், ஐப்பசி மழையில் மூடிக்கொள்ளுவதை அவ்வூர்க் குழந்தைகளும் அறியும். பருத்திக்கு உகந்த இந்தக் குணம் கட்டடத்துக்குப் பகையாகிறது.

சுவர் அஸ்திவாரத்தின்மேல் நிற்கிறது. தரையோ உள்ளே கொட்டிய மண்ணின்மேல் கிடக்கிறது. மழை நீர் முதலில் வீட்டின் ஓரங்களை நனைக்கிறது. தரை மூடிய நடுப்பகுதியில் ஈரம் வெளியேற வழியின்றி மெல்ல மெல்லச் சேர்கிறது. ஆகவே ஓரம் ஒரு விதமாகவும், நடு ஒரு விதமாகவும் எழும்பித் தாழ்கின்றன. மழையில் கதவு தரையில் உராய்கிறதென்று அடியை இழைத்து விடுகிறோம். அப்படி இழைத்த கதவு கோடையில் தேளுக்கு வழிவிடுகிறது! இவ்வாறு தனித்தனியே அசையும் இரண்டு தரைகளை ஒரே பட்டியால் கட்டிப் போட்டால் என்ன ஆகும்? பட்டி வளையும்; அல்லது திருகாணி பிடுங்கிக் கொள்ளும்; அல்லது டைல்ஸின் ஓரம் உடையும். இரவில் தண்ணீர் குடிக்க எழுந்த பாட்டி அதில் இடறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால், பட்டியின் விலையை யார் நினைப்பார்கள்?

ஆதலால் பட்டியை ஒரு பக்கத்தில் மட்டுமே முடுக்க வேண்டும். கார்ப்பெட் பக்கத்துக் கான்கிரீட்டில் முடுக்குவதே நலம். டைல்ஸ் பக்கம் அது வெறுமனே படிந்து நகரட்டும். துளையிடுமுன் அவ்விடத்தில் மின்சாரக் குழாயோ தண்ணீர்க் குழாயோ செல்லவில்லையென்று தெரிந்துகொள்ளுதல் அவசியம். 6 மில்லிமீட்டர் பிளக்குக்கு 6 மில்லிமீட்டர் துளை. ஆழம் பிளக்கின் நீளத்தைவிடச் சிறிது கூடுதல். துளையிலுள்ள தூளை ஊதி அகற்றாமல் பிளக்கை அடிப்பவர்களே அதிகம். பிடிமானம் போவது பெரும்பாலும் அங்கேதான். கான்கிரீட்டின் விளிம்பை ஒட்டித் துளைத்தால் பெயர்ந்து விடும். திருகாணியின் தலை பட்டிக்குள் அடங்கி அமர வேண்டும். பட்டியின் ஓரம் இரு பக்கமும் சரிந்திருக்க வேண்டும். டைல்ஸுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவிலுள்ள பிளவைச் சிமெண்டு கொண்டு அடைப்பது வீண் வேலை. சிலிக்கான் போன்ற நெகிழும் பொருளே அங்கு தகும்.

இது பழைய வீட்டுக்குப் பரிகாரம். புதிதாகக் கட்டுகிறவர்கள் மண்ணிலிருந்தே தொடங்கலாம். நாடு விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டிலேயே தோன்றிய ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம், அடியில் குமிழ்போல் அகன்ற கான்கிரீட் தூண்களை இத்தகைய மண்ணுக்கென்றே வளர்த்தெடுத்தது. சுமார் 3.5 மீட்டர் ஆழத்துக்குக் கீழே பருவத்துக்குப் பருவம் ஈரம் அதிகம் மாறுவதில்லை. தூண் அங்கே காலூன்றுகிறது. ஆனால் தூண் சுவரைக் காக்குமேயன்றித் தரையைக் காக்காது. தரைக்கு அடியில் தோண்டிய கரிசலையே திரும்பக் கொட்டாமல், உப்பாத சரள் மண்ணைப் பரப்பித் திமிசு போட வேண்டும். செலவு கூடும் என்பது மெய்தான். சிக்கனம் பார்க்கிறவர்கள் முதலில் கை வைப்பதும் இந்த இடத்தில்தான்.

இரண்டும் இயலாத வீட்டில், கூரை நீர் சுவரடியில் விழாமல் குழாய் வைத்து, சுற்றிலும் வெளிப்புறம் சரிவாகச் சிமெண்டு மேடை போட்டாலே பாதித் தொல்லை குறையும். சுவரை ஒட்டி வேம்பு நட்டிருந்தால், அதன் வேர் கோடையில் ஈரத்தை உறிஞ்சி அந்தப் பக்கத்தை மட்டும் இறக்கிவிடும். பட்டி வாங்க அவசரம் வேண்டாம். வைகாசியில் ஒரு முறையும் கார்த்திகையில் ஒரு முறையும் கதவடியில் இரு தரைகளின் உயரத்தை அளந்து, நிலைச் சட்டத்தில் பென்சிலால் குறித்து வையுங்கள். அந்த இரண்டு கோடுகளையும் தச்சருக்குக் காட்டிய பிறகு அவர் துளையிடட்டும்.