திருகாணித் துளைகளின் சாட்சி

பழைய லேண்ட் ரோவர் ஒன்றின் கூரையை ஒரு பக்கமாகத் தூக்கி நிறுத்தினால், கோடுபோட்ட துணிச்சுவருக்குள் இரண்டு பேர் படுக்க இடம் கிடைக்கிறது. கீழே இருக்கைகளை விரித்தால் இன்னும் இரண்டு பேருக்குப் படுக்கை. உள்ளேயே கேஸ் அடுப்பும் பாத்திரம் கழுவும் தொட்டியும் உண்டு. 1960களில் பிரிட்டனில் உருவான இந்த வண்டிக்கு டார்மொபைல் என்று பெயர். லேண்ட் ரோவரின் சோலிஹல் தொழிற்சாலை வண்டியைச் செய்தது. அதன் கூரையை அறுத்து வீடாக மாற்றியது கென்ட் கடற்கரையில் ஃபோக்ஸ்டன் ஊரிலிருந்த மார்ட்டின் வால்டர் நிறுவனம். அசல் வண்டிகள் இன்று அரிது, விலையும் அதிகம். அதனால் பிற்காலத்தில் கூரை மட்டும் பொருத்தப்பட்ட சாதாரண லேண்ட் ரோவரும் அதே பெயரில் விற்பனைக்கு வருகிறது. இரண்டையும் பிரித்தறிய, பெயர்ப்பட்டையைவிட யாருக்கும் பயன்படாத அற்பத் தடயங்களைத்தான் அதிகம் நம்ப வேண்டும் என்பது என் கருத்து.

காரணம் அந்த வண்டியின் கட்டமைப்பிலேயே இருக்கிறது. லேண்ட் ரோவரின் உடல் அலுமினியக் கலவைத் தகடுகளால் ஆனது. பெரும்பாலான தகடுகளை போல்ட்டைக் கழற்றி மாற்றிவிடலாம். முகப்பு விளக்குகள் கிரில்லை ஒட்டி நடுவில் இருந்தால் வண்டி 1968-69க்கு முந்தையது, இருபக்க மட்கார்டுகளுக்கு நகர்ந்திருந்தால் பிந்தையது என்று பலரும் சொல்வார்கள். விதி சரிதான். ஆனால் விபத்தில் நசுங்கிய மட்கார்டுக்குப் பதில் வேறு வண்டியின் மட்கார்டைப் பொருத்தியிருந்தால், அந்த ஒரு மாற்றமே பத்து வருடக் குழப்பத்தை உண்டாக்கிவிடும். இன்ஜினுக்கும் ஓட்டுநருக்கும் நடுவிலுள்ள எஃகுத் தடுப்பு அப்படியல்ல. அதை மாற்ற வேண்டுமானால் வண்டியின் முன்பாதியையே பிரிக்க வேண்டும். டேஷ்போர்டு அந்தத் தடுப்போடு சேர்ந்தது. 1961இல் வந்த சீரிஸ் 2ஏ வண்டியில் வேகமானியும் மற்ற மீட்டர்களும் டேஷ்போர்டின் நடுவில் இருந்தன. 1971இல் வந்த சீரிஸ் 3இல் அவை ஓட்டுநருக்கு நேரெதிரே வந்தன. ஆகவே மட்கார்டு ஒரு காலத்தையும் டேஷ்போர்டு வேறொரு காலத்தையும் காட்டினால், டேஷ்போர்டின் பக்கமே நிற்கலாம். எதை மாற்றுவது கடினமோ அதன் சாட்சிக்கு மதிப்பு அதிகம்.

சேசிஸ் எண் இருக்கும்போது இந்த ஆராய்ச்சியெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சீரிஸ் 2ஏ எண்ணின் முதல் மூன்று இலக்கங்களே வண்டியின் நீளம், எரிபொருள், ஸ்டியரிங் இருக்கும் பக்கம் ஆகியவற்றைச் சொல்லிவிடும். அந்த எண்ணைக் கொடுத்தால், கேய்டனிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்தில், வண்டி தயாரான தேதியையும் அப்போதைய நிறத்தையும் பழைய ஏடுகளிலிருந்து எடுத்துச் சான்றிதழ் தருகிறார்கள். ஆனால் அது சோலிஹல்லின் ஏடு. தொழிற்சாலையை விட்ட பிறகு ஃபோக்ஸ்டனில் கூரை அறுபட்ட கதைக்கு அதைச் சாட்சியாக்க முடியாது. போதாக்குறைக்கு, துருப்பிடித்த சேசிஸை எடுத்துவிட்டுப் புதியது போடுவது இந்த வண்டிகளில் சர்வசாதாரணம். பதிவுப் புத்தகத்தில் ‘மோட்டார் கேரவன்’ என்று இருப்பதும் போதாது. பின்னாளில் மாற்றிய வண்டிக்கும் அந்தப் பெயர் கிடைத்திருக்கலாம்.

கூரையும் தனியாக நின்று எதையும் நிரூபிப்பதில்லை. டார்மொபைல் கூரைகள் இன்று புதிதாகவே கிடைக்கின்றன. சன்பரியில் இருந்த சியர்ல் நிறுவனமும் கேரவேகன் என்ற பெயரில் லேண்ட் ரோவரை வீடாக்கி விற்றது என்பதால், கூரை உயர்ந்தாலே டார்மொபைல் என்றும் ஆகிவிடாது. துணி கிழிந்தால் மாற்றியிருப்பார்கள். அதன் கோடுகளைப் பார்த்து ஆண்டைக் கணிப்பது வீண்.

பிறகு எங்கே பார்ப்பது? தரையில் பாருங்கள். ரப்பர் விரிப்பைத் தூக்கினால், அலமாரியின் கால் பதிந்திருந்த இடத்தில் பழைய பெயின்ட் மங்காமல் செவ்வகமாக நிற்கும். அதன் மூலைகளில் திருகாணித் துளைகள் இருக்கும். அடுப்புப் பெட்டி எப்போதோ தொலைந்துபோயிருந்தாலும் அது நின்ற இடம் தெரிந்துவிடும். அசல் வண்டி ஒன்றின் அளவுகளோடு அந்தத் துளைகள் ஒத்துப்போக வேண்டும். கூரை அறுத்த விளிம்பில், பெயின்ட் அடுக்குகள் வெட்டுக்கு முன் பூசியவையா பின் பூசியவையா என்று டார்ச் அடித்துப் பார்க்கலாம். வண்டி இரண்டு முறை நிறம் மாறியிருந்து, அந்த இரண்டு நிறங்களையும் சேர்த்தே வெட்டு ஊடுருவிப் போயிருந்தால், கூரை பின்னால் வந்தது.

உட்பாகம் முழுவதையுமே வேறொரு அசல் வண்டியிலிருந்து கழற்றி வந்து பொருத்தினால் என்ன செய்வது என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். அப்படி நடந்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைப் பெற்ற வண்டிக்கும் அதற்கு முன் ஒரு வாழ்க்கை இருந்திருக்கும். சாதாரண ஸ்டேஷன் வேகனின் பின்னிருக்கைகள் தாங்கிய துளைகள், அவற்றை அடைத்த ரப்பர் மூடிகள், பயணிகளின் செருப்பு தேய்த்த தடங்கள் எல்லாம் அலமாரிக்கு அடியில் கிடக்கும். அவற்றைத் தேடி அழிக்க யாரும் மெனக்கெடுவதில்லை, ஏனென்றால் அவற்றுக்கு விலை இல்லை. பெயர்ப்பட்டைக்கு விலை உண்டு. அதனால்தான் அது எளிதில் இடம் மாறுகிறது.

உழைத்து வாழ்ந்த வண்டியில் பாகங்கள் மாறுவது இயல்புதானே, இத்தனை கெடுபிடி எதற்கு என்பவர்களும் உண்டு. மாற்றத்தில் குற்றமில்லை, அதை மறைத்து விற்பதில்தான் குற்றம். ‘1967 ஸ்டேஷன் வேகன், பின்னர் பொருத்திய டார்மொபைல் கூரையுடன்’ என்று விளம்பரத்தில் எழுதினால், வாங்குபவர் ஏமாறுவதில்லை. எஞ்சியிருக்கும் அசல் வண்டிகளின் கணக்கிலும் போலி ஒன்று கூடாது.