தேன்சிட்டும் காட்டுமாடும்

கல்கத்தா நெடுஞ்சாலையின் லாரிகளும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ரயில்களும் ஓயாது இரையும் கவரைப்பேட்டையில், வீட்டு முற்றத்துச் செம்பருத்தியில் தொற்றிக்கொண்டு தேனருந்தும் ஊதாப்பிட்டத் தேன்சிட்டின் மெல்லிய குரல் காதில் விழுவது அரிது. ஆயினும் ஏறத்தாழ 8 கிராம் எடையுள்ள அச்சிறு ஜீவனை, முதுமலைக் காட்டில் புல் மேயும் 800 கிலோ எடையுள்ள காட்டுமாட்டுக் காளையோடு ஒப்பிட்டுப் பார்த்தால், பிராணிகளின் வாழ்க்கையை நடத்தும் ஒரு பெரிய நியதி புலப்படும்.

எடையில் காளை லட்சம் மடங்கு பெரிது. அதன் ஆகாரத் தேவையோ அவ்வளவு பெரிதன்று. மாக்ஸ் கிளைபர் என்ற விஞ்ஞானி 1932-ஆம் ஆண்டில் வெளியிட்ட விதிப்படி, சரீரம் பெருகும் விகிதத்தில் சக்தியின் செலவு பெருகுவதில்லை; அவ்விதியைக் கொண்டு கணக்கிட்டால் காளையின் செலவு சிட்டினுடையதைப்போல் சுமார் 5,600 மடங்குதான் வரும். கிராமுக்குக் கிராம் பார்க்கையில், சிட்டின் உடலே பதினெட்டு மடங்கு விரைவாக எரிகிறது என்பது இதன் பொருள். பாடும் பறவைகளின் தேகம் இயல்பாகவே மிகுந்த உஷ்ணமுடையதாதலால், உண்மையான வித்தியாசம் இதனினும் அதிகமாகவே இருக்கும்.

இவ்வளவு அவசரத்தில் எரியும் உடலுக்குப் புல் உதவாது. உடனே இரத்தத்தில் கலக்கும் பூந்தேனும், குஞ்சுகளை வளர்க்கச் சிறு பூச்சிகளும் சிலந்திகளும் அதற்கு வேண்டும். காட்டுமாடோ, சத்துக் குறைந்த முரட்டுப் புல்லை வாரி விழுங்கி, நான்கு அறைகளுள்ள இரைப்பையில் கோடானுகோடி நுண்ணுயிர்களைக் கொண்டு புளிக்கவைத்து, நிழலில் படுத்துச் சாவகாசமாக அசைபோடுகிறது. அத்தகைய பெரும் பாண்டத்தைச் சுமக்கவும் அத்தனை நேரம் காத்திருக்கவும் பேருடலே ஏற்றது. ஆகவே காளையின் பருமனை வெறும் பலத்தின் அடையாளமாக மட்டும் கருதுவது குறைவான பார்வை என்பது என் அபிப்பிராயம்.

சந்ததியிலும் இதே வேறுபாடு. சிலந்தி நூலால் பிணைத்துத் தொங்கவிட்ட கூட்டில் பெண் சிட்டு இரண்டு முட்டைகளை இட்டு இரண்டு வாரங்களில் பொரித்துவிடுகிறது. காட்டுப் பசு ஒரே கன்றை ஒன்பது மாதம் சுமக்கிறது. ஒரு கூடு கலைந்தால் சிட்டு விரைவில் மற்றொன்று கட்டிக்கொள்ளும். 1968-இல் வெக்கைநோய் முதுமலையிலும் பந்திப்பூரிலும் காட்டுமாடுகளைக் கொன்று குவித்தபோது அவற்றுக்கு அவ்வித வசதி இருக்கவில்லை. மந்தைகள் பெருக நெடுங்காலம் பிடித்தது. நாட்டு மாடுகளுக்கு ஊர் ஊராகத் தடுப்பூசி போட்ட பெருமுயற்சியால் அந்நோய் ஒடுக்கப்பட்டு, உலகிலிருந்தே ஒழிந்ததென 2011-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது.