கணக்கறிந்து சுழலும் பொறி

ஆற்றல் உடைமை வேறு. அவ்வாற்றலை வேண்டும் அளவிற் பயன்படுத்துதல் வேறு. பார வண்டியை இழுக்கும் எருதுக்கு வலிமை மட்டும் போதாது. மேட்டிற்கு ஒரு நடையும், பள்ளத்திற்கு ஒரு நடையும் வேண்டும். அந்நடையை அறிந்து கயிற்றைப் பிடிப்பவன் வண்டிக்காரன். தொழிற்கூடத்தில் இராப்பகலாகச் சுழலும் மின்சார மோட்டாருக்கும் அத்தகைய வண்டிக்காரன் ஒருவன் வேண்டும் அன்றோ? இந்நாளில் அவ்வேலையைச் செய்வது சுவரில் மாட்டப்பெற்ற பெட்டி ஒன்று. தொழிலாளர் அதனை 'டிரைவ்' என வழங்குவர். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் காணல் ஆகிய கணக்குகளைச் செய்யும் திறன் அப்பெட்டிகள் பலவற்றில் முன்னரே அமைந்துள்ளது. நாம் வகுப்பறையிற் பயிலும் கணக்குகளே அவை. அவை மோட்டாரின் வேகத்தை எங்ஙனம் ஆள்கின்றன என்பதையும், அவ்விடத்து மனிதன் செய்ய வேண்டுவது யாது என்பதையும் இப்பாடத்திற் காண்போம்.

தொழிற்கூடங்களில் மிகுதியாக வழங்குவது தூண்டல் மோட்டார். நிக்கோலா தெசுலா என்னும் அறிஞர் அதற்கு 1888ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் காப்புரிமை பெற்றார். அதன் வேகத்தைக் கூறும் விதி மிக எளியது. மின்சாரத்தின் அதிர்வெண்ணை 120ஆற் பெருக்கி, மோட்டாரில் உள்ள துருவங்களின் தொகையால் வகுத்தால், அதனுள் எழும் காந்தப் புலம் ஒரு நிமிடத்திற் சுற்றும் சுற்றுகள் கிடைக்கும். நம் நாட்டு மின்சாரத்தின் அதிர்வெண் 50. நான்கு துருவ மோட்டாருக்கு இக்கணக்கு 1500 சுற்று என விடை தரும். மோட்டாரின் தண்டு இப்புலத்தினும் சற்றுப் பின்தங்கியே சுழலும். ஆதலின் ஏறக்குறைய 1440 சுற்றே நம் கைக்குக் கிட்டும்.

துருவங்களின் தொகையை நினைத்தபோது மாற்றுதல் எளிதன்று. ஆகவே, முன்னாளில் வேகத்தை மாற்ற விரும்பினோர் கப்பியையும் வாரையும் மாற்றினர். 1891ஆம் ஆண்டில் வார்டு லியோனார்டு என்பார் நேர்மின்சார மோட்டாருக்கு ஒரு முறை கண்டார். அம்முறையில் ஒரு மோட்டாரின் வேகத்தை ஆளுவதற்கு வேறு ஒரு மோட்டாரும் ஒரு மின்னாக்கியும் துணை நிற்க வேண்டியிருந்தது. இக்கால டிரைவோ அதிர்வெண்ணையே மாற்றிவிடுகின்றது. 50ஐ 25 ஆக்கினால் 1500 சுற்று 750 ஆகின்றது. ஆயின், அதிர்வெண்ணைக் குறைத்து மின்னழுத்தத்தை அப்படியே விட்டால், மோட்டாரின் இரும்பு தாங்கும் அளவைக் காந்தப் புலம் கடந்துவிடும். மின்னோட்டம் பெருகிச் சுருள் சூடேறிக் கருகும். எனவே, இரண்டையும் ஒரே விகிதத்திற் குறைத்தல் வேண்டும். 50க்கு 415 வோல்ட் எனின், 25க்கு 207.5 வோல்ட் என்க. இவ்விகிதக் கணக்கை டிரைவ் இடைவிடாது செய்துகொண்டே இருக்கின்றது.

அஃது ஆக்கித் தரும் மின்னோட்டங்கள் மூன்று. அவை ஒன்றற்கொன்று 120 பாகை விலகி, அலைபோல் ஏறி இறங்கும். அலையின் வடிவைத் தருவது திரிகோண கணிதத்திற் பயிலும் சைன் மதிப்பு. கி.பி. 499இல் ஆரியபட்டர் தம் நூலில், மூன்றே முக்காற் பாகைக்கு ஒன்றாக, 24 படிகளில் இம்மதிப்புகளுக்குரிய வேறுபாடுகளைத் தொகுத்துரைத்தார். விண்மீன்களின் இயக்கத்தை அளக்க எழுந்த அக்கணக்கு இன்று ஆலையின் சக்கரத்தைச் சுழற்றவும் உதவுகின்றது. ஒரு துறையிற் பிறந்த அறிவு மற்றொரு துறைக்குப் பயன்படுதல் இங்ஙனமே.

இனி, வேலைக்கு ஏற்ற கணக்கைத் தெரிந்துகொள்ளும் வகையை நோக்குவோம். திருத்தணிகைக்கு அணித்தாய், ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்த ஊர் பள்ளிப்பட்டு. அதனைச் சூழ்ந்த பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்குப்பம் முதலிய ஊர்கள் நெசவுக்குப் பெயர் பெற்றவை. தறியில் ஏற்றுவதற்குமுன் பாவு நூலை நீண்ட உருளையிற் சுற்றுவர். அவ்வுருளையைத் தறிக்காரர் 'பீம்' என்பர். நூல் நிமிடத்திற்கு 200 மீட்டர் ஓட வேண்டும் எனக் கொள்வோம். வெற்று உருளையின் விட்டம் 20 செ.மீ. ஆயின், சுற்றளவு ஏறக்குறைய 63 செ.மீ.; உருளை நிமிடத்திற்கு 318 முறை சுற்ற வேண்டும். நூல் ஏற ஏற உருளை பருக்கும். விட்டம் 60 செ.மீ. ஆனபோது 106 சுற்றே போதும். அப்பொழுதும் 318 சுற்றே சுற்றினால் நூல் 600 மீட்டர் வேகத்தில் இழுபட்டு அறும். அறுந்த இழைகளைத் தேடி முடிவதில் நெசவாளியின் பொழுதும் கூலியும் அழியும். ஆதலின், நூலின் வேகத்தைச் சுற்றளவால் வகுத்து உருளையின் வேகத்தைக் கணத்திற்குக் கணம் குறைத்துவர வேண்டும். இங்கு வேண்டுவது வகுத்தற் கணக்கு.

தொடக்கமும் மெல்லியதாதல் வேண்டும். திருத்தணிகை மலையின் 365 படிகளையும் ஒரே பாய்ச்சலில் ஏறுவார் இலர். அதுபோல, நின்ற உருளையை நொடியில் முழு வேகத்திற்குத் தூண்டாமல், நொடிக்கு இத்தனை சுற்று என வரையறுத்து ஏற்றுவர். நிறுத்தும்போதும் அங்ஙனமே படிப்படியாகத் தணிப்பர்.

பருக்கும் உருளையின் விட்டத்தைக் கருவி எங்ஙனம் அறியும்? நூல் ஓடும் வேகத்தை உருளை சுற்றும் தொகையால் வகுத்தால் சுற்றளவு கிடைக்கும். அதிலிருந்து விட்டத்தைப் பெறலாம். ஆனால், பொறி நிற்கும்போது நூலின் வேகமும் சுழி. உருளையின் சுற்றும் சுழி. சுழியைச் சுழியால் வகுத்தால் பொருளுள்ள விடை இல்லை என்று நாம் பயில்கின்றோம். பள்ளியில் அதனைப் பொருட்படுத்தாவிடின் மதிப்பெண் குறையும். ஆலையில் பொருட்படுத்தாவிடின், மீண்டும் தொடங்கும் கணத்தில் உருளை தாறுமாறாகச் சுழன்று பாவையே பாழாக்கும். ஆதலால், கடைசியாகக் கண்ட விட்டத்தை நினைவில் இருத்தி, பொறி ஓரளவு வேகம் பெற்ற பின்னரே புதிய கணக்கைத் தொடங்குமாறு அமைப்பர். விட்டம் 20க்குக் குறைதலும் 60க்கு மிகுதலும் ஆகா என எல்லையும் கட்டுவர்.

மற்றொரு தொழிலைக் காண்போம். கரும்பு விளையும் இப்பகுதிக்கெனத் திருவாலங்காட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை ஒன்று அமைந்தது. அத்தகைய ஆலைகளிற் கொதிகலனுக்குக் காற்றுச் செலுத்தும் பெரிய விசிறிகள் உண்டு. விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும். அதற்கு வேண்டும் ஆற்றலோ எட்டில் ஒரு பங்காகும். ஆற்றல் வேகத்தின் கனத்தைப் பொறுத்தது என்பதே இதன் காரணம். வேகத்தை நூற்றுக்கு 80 ஆக்கினால், ஆற்றல் நூற்றுக்கு 51 அளவிற்கு இறங்கும். ஐந்தில் ஒரு பங்கு வேகத்தைக் குறைத்து, ஏறக்குறையப் பாதி மின்சாரத்தை மிச்சமாக்கலாம் என்பது வியப்பன்றோ?

ஆயினும், இவ்விதியை எல்லா இடத்தும் பொருத்துதல் தவறு. ஆழ்கிணற்று நீரை மேலேற்றும் பம்பு, நீரின் உயரத்தை முதலில் வென்றாக வேண்டும். வேகம் ஓர் அளவிற்குக் கீழ் இறங்கினால், பம்பு சுழலும். நீர் மட்டும் மேலே வாராது. அப்பொழுது செலவான மின்சாரம் முழுதும் வீணே. கனத்தின் கணக்கு பொய்த்தது என்பது இதன் பொருளன்று. கணக்கைப் பொருத்திய இடம் பொருந்தாதது என்பதே பொருள்.

கருவிக்குச் செய்தி வரும் வழியிலும் ஒரு நுட்பம் உண்டு. குழாயின் அழுத்தத்தை அளக்கும் கருவி, தான் கண்டதை 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரையுள்ள மின்னோட்டமாக அனுப்பும் வழக்கம் உண்டு. வந்த அளவில் 4ஐக் கழித்து 16ஆல் வகுத்தால் அழுத்தத்தின் பங்கு தெரியும். 12 வந்தால் பாதி அழுத்தம் என்க. தொடக்கத்தைச் சுழியாக வையாது 4ஆக வைத்தது ஏன்? கம்பி அறுந்தால் வரும் மின்னோட்டம் சுழி. கணக்கு, கழிக்குறியோடு கால் என விடை தரும். அழுத்தம் அளக்கும் இவ்வேலையில் அத்தகைய விடை வாராது. ஆகவே, கம்பி அறுந்தது என உணர்ந்து பொறியைக் காக்கலாம். இவ்விடையைச் சுழி அழுத்தம் எனக் கொள்ளுமாறு அமைத்துவிட்டால், குழாயில் அழுத்தம் இல்லை என்று கருவி எண்ணிப் பம்பை மேன்மேலும் விரைவுபடுத்தும். குழாய் வெடித்து அருகில் நிற்பார்க்கு ஊறு நேரவும் கூடும்.

இவற்றால் நாம் அறிவது யாது? டிரைவ் கணக்கில் தவறுவது அரிது. களைப்பும் மறதியும் அதற்கு இல்லை. ஆனால், நூலுக்கு வகுத்தலும் விசிறிக்குக் கனமும் பொருந்தும் என அதற்குத் தானாகத் தெரியாது. எந்த விடையை நம்பலாம், எதனைத் தள்ளலாம் என்பதும் தெரியாது. இவற்றைத் தெரிந்து அமைப்பவன் தொழிலறிந்த மனிதன். பாவின் இயல்பும் நீரின் இயல்பும் அறியாதவன் கையில் கணக்கு தீங்கும் செய்யும்.

மாணவர்களே! சூத்திரத்தை மனப்பாடம் செய்தலோடு அமையாதீர்கள். ஒவ்வொரு கணக்கிற்கும் விடை கண்டபின், அது நடக்கக்கூடியதா, எந்த எல்லைக்குள் உண்மை, எவ்விடத்துப் பொருந்தாது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நாளை உங்களுள் ஒருவர் ஆலையிலோ தறிக்கூடத்திலோ அப்பெட்டியின்முன் நிற்கக்கூடும். அன்று நீங்கள் அமைக்கும் கணக்கை நம்பி நூலும் ஓடும், நீரும் ஓடும், அருகில் மனிதரும் நின்று வேலை செய்வர்.