தமிழ்ப் பள்ளிகளின் தலையெழுத்து: ஆறாவது நாள் கணக்கு

பந்தியில் உட்கார்ந்தவர்களை எண்ணித்தான் இலை போடுவார்கள். எண்ணும்போது வாசலில் நின்றவருக்கு இலை விழாது. கேரளத்தில் பள்ளிகளுக்கு ஆசிரியர் ஒதுக்கும் முறையும் ஏறக்குறைய இதுதான். ஜூன் மாதம் பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளன்று, வகுப்புக்கு எத்தனை பிள்ளைகள் என்று கணக்கெடுக்கப்படுகிறது. அந்த ஆண்டுக்கு எத்தனை பிரிவுகள், எத்தனை ஆசிரியர்கள் என்பதை அந்த ஒரு நாள் கணக்கே நிர்ணயிக்கிறது.

இடுக்கி மாவட்டத்தில் மூணாறு, மறையூர், வட்டவடை, வண்டிப்பெரியாறு, பீர்மேடு ஆகிய மலைப்பகுதிகளிலும், பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி ஆகிய எல்லை ஊர்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த நாள் மிக முக்கியமானது. கல்யாணம், கோயில் கொடை என்று சொந்த ஊர் போன குடும்பம் பத்து நாள் தாமதித்துத் திரும்பினால், முதல் வகுப்பில் சேர வேண்டிய பிள்ளைக்குப் பெஞ்சில் இடம் கிடைக்கலாம். ஆசிரியர் ஒதுக்கும் கணக்கில் அந்தப் பிள்ளை இல்லை.

பணம் என்றால் பணியிடம்

கேரள பட்ஜெட்டில் கல்விக்கான மானியக் கோரிக்கை எண் 17. பொதுக்கல்விச் செலவு 2202 என்ற கணக்குத் தலைப்பில் எழுதப்படுகிறது. இதில் பெரும்பகுதி ஆசிரியர் சம்பளமாகவே போகிறது. இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1957ல் கல்வி அமைச்சராக இருந்த ஜோசப் முண்டசேரி கொண்டுவந்த கல்வி மசோதா, சுப்ரீம் கோர்ட்டின் கருத்துக்காகச் சென்று திரும்பி, 1959ல் அமலுக்கு வந்தது. தனியார் நிர்வாகத்திலுள்ள உதவிபெறும் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கும் அரசே நேரடியாகச் சம்பளம் வழங்க அச்சட்டம் வழிசெய்தது. கேரளத்தில் அரசுப் பள்ளிகளைவிட உதவிபெறும் பள்ளிகளே எண்ணிக்கையில் அதிகம்.

ஆகவே, திருவனந்தபுரத்தில் எத்தனை கோடி அறிவித்தாலும், ஒரு சிறிய பள்ளியைப் பொறுத்தவரை பணம் என்பது ஆசிரியர் பணியிடம்தான். பணியிடம் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. வகுப்புக்குச் சராசரி 15 பிள்ளைகள் இல்லையானால், அந்தப் பள்ளி 'ஆதாயமற்ற பள்ளி' என்ற பட்டியலில் சேர்ந்துவிடும். பட்டியலில் சேர்ந்தவுடன் பள்ளியை மூடிவிடுவதில்லை. ஆனால் நிரந்தர ஆசிரியர் ஓய்வு பெற்றுப் போன இடத்தில் தினக்கூலி ஆசிரியர் வருவதற்கு இதுவே வாசலாகிறது.

இரண்டு அளவுகோல்கள்

மொழிச் சிறுபான்மையினருக்கு வேறொரு அளவுகோலும் இருக்கிறது. ஒரு பள்ளியில் 40 பிள்ளைகளோ, ஒரு வகுப்பில் 10 பிள்ளைகளோ வேறு தாய்மொழியினராக இருந்தால், தொடக்கக் கல்வியை அவர்கள் மொழியிலேயே கற்பிக்க ஓர் ஆசிரியரை நியமிக்க வேண்டும் என்று 1949ல் மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு தீர்மானித்தது. பிள்ளையின் தாய்மொழி எது என்பதில் பெற்றோர் சொல்வதே முடிவு என்றும் அத்தீர்மானம் கூறுகிறது. மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்த 1956ல், தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு வசதி செய்யும் பொறுப்பு 350-ஏ பிரிவாக அரசியல் சட்டத்திலேயே இடம்பெற்றது.

மொழிப் பாதுகாப்பு பத்துப் பிள்ளைகள் போதும் என்கிறது. சிக்கனக் கணக்கு பதினைந்து கேட்கிறது. பத்துக்கும் பதினைந்துக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்ட வகுப்புகளே எல்லைப் பகுதியின் கவலை. ஆங்கிலவழிப் பள்ளியின் வேன் லயத்து வாசலுக்கே வரும் காலத்தில், இந்தக் கவலை ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது.

கணக்கில் தெரியாத தமிழ்

தமிழ்வழி வகுப்புகளுக்கு ஆண்டுக்கு எவ்வளவு செலவாகிறது? 2202ஆம் தலைப்பின் பெரும் பிரிவுகளைப் புரட்டினால் விடை கிடைக்காது. தொடக்கக் கல்வி, இடைநிலைக் கல்வி என்றுதான் அவை பிரிக்கப்பட்டுள்ளனவே தவிர, பயிற்றுமொழியைப் பார்த்து அல்ல.

மொழிச் சிறுபான்மையினர் ஆணையரின் அறிக்கை ஒன்று உண்டு. 350-பி பிரிவின்படி அது ஜனாதிபதிக்குச் சென்று பாராளுமன்றத்தில் வைக்கப்படுகிறது. அந்த அறிக்கையும் மாநிலங்கள் தரும் விவரங்களையே பெரிதும் நம்பியிருக்கிறது. மாநிலத்துக்கு விவரம் பள்ளிப் பதிவேட்டிலிருந்து போகிறது. சேர்க்கைப் படிவத்தில் தாய்மொழி தவறாக எழுதப்பட்டால் டெல்லி வரையில் தவறுதான்.

கட்டடத்துக்கும் எண்ணிக்கையே

2016க்குப் பின் கிஃப்பி நிதியில் பள்ளிக் கட்டடங்கள் எழுந்தபோது, தொகுதிக்கு ஒரு பள்ளிக்கு 5 கோடி ரூபாயும், பிள்ளைகள் அதிகமுள்ள மற்றப் பள்ளிகளுக்கு 3 கோடி, 1 கோடி என்றும் ஒதுக்கப்பட்டது. சிறிய அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குக் கிராம பஞ்சாயத்தே பெரிய துணை. 1996ல் தொடங்கிய மக்கள் திட்டத்தில் மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்கு வந்தது. எந்த வேலைக்குப் பணம் என்ற பேச்சு கிராம சபையில்தான் தொடங்குகிறது. அங்கே தமிழ்ப் பெற்றோரின் குரல் கேட்காவிட்டால் ஒழுகும் கூரை அப்படியேதான் இருக்கும்.

மத்திய அரசு 60 பங்கும் மாநிலம் 40 பங்கும் போடும் சமக்ர சிக்ஷா நிதிக்கு வேறு சிக்கல். பி.எம். ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்திடாத தமிழ்நாட்டுக்கு 2024-25ல் அது நிறுத்தப்பட்டது. கேரளம் 2025 அக்டோபரில் கையெழுத்திட்டு, கூட்டணிக்குள் எதிர்ப்பு எழவே, சில நாட்களிலேயே திட்டத்தை நிறுத்திவைத்தது.

பெற்றோர் செய்யக்கூடியது

கேரளத்தில் தமிழில் பாடப்புத்தகம் அச்சாகிறது, எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையைத் தமிழில் எழுதலாம். தமிழ்வழி ஆசிரியர் பணிக்கு பி.எஸ்.சி. தனியாகத் தேர்வு நடத்துகிறது. ஒரு பிரிவு போனால் பிள்ளைகளின் படிப்போடு, படித்த தமிழ் இளைஞர் ஒருவரின் வேலையும் போகிறது.

பெற்றோர் செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. பள்ளி திறக்கும் முன்பே பிள்ளையைச் சேர்த்துவிடுவது. ஆறாவது நாள் கணக்கோடு ஆதார் எண்ணும் பார்க்கப்படுவதால் அதை முன்கூட்டியே சரிசெய்வது. படிவத்தில் தாய்மொழி தமிழ் என்று எழுதியிருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பார்ப்பது. அதன் பின்னும் ஆசிரியர் வராவிட்டால், 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில், பணியிடம் நிர்ணயித்த உத்தரவின் நகலை உபஜில்லாக் கல்வி அதிகாரியிடம் கேட்கலாம்.

எண்ணி முடித்தபின் இலை கேட்டுப் பயனில்லை. எண்ணும்போது பந்தியில் இருக்க வேண்டும்.