மனு எழுதும் மேசையும் உரிமைப் போராட்டமும்: அமெரிக்காவில் மைக்ரோனேசிய மக்கள்



1946ஆம் ஆண்டு அண்ணல் அம்பேத்கர், அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டபிள்யூ. ஈ. பி. டூ பாய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த மனுவின் படிகள் கிடைக்குமா என்று அதில் கேட்டார். ஒடுக்கப்பட்ட ஒரு மக்கள் இன்னொரு மக்களின் போராட்ட வழியைத் தேடிப் படிப்பது நம் மரபிலேயே உள்ளது. அந்த மரபை ஒட்டி, இந்த நினைவுரைக்கு நாம் அதிகம் அறியாத ஒரு மக்களை எடுத்துக்கொள்கிறோம்.

அதே 1946இல், பசிபிக் பெருங்கடலின் மார்ஷல் தீவுகளில், பிகினி என்னும் பவளத்தீவில் வாழ்ந்த 167 பேரை அமெரிக்கக் கடற்படை இடம்பெயர்த்தது. மனிதகுலத்தின் நன்மைக்காக என்று காரணம் சொன்னது. 1958 வரை பிகினியிலும் எனிவெடாக்கிலும் 67 அணுகுண்டுச் சோதனைகள் நடந்தன. 1954 மார்ச் 1 அன்று வெடித்த குண்டின் சாம்பல் ரோங்கலாப் தீவு மக்கள்மீது விழுந்தது. அவர்களை அங்கிருந்து அகற்ற இரண்டு நாளானது. 1957இல் ‘இனி ஆபத்தில்லை’ என்று திருப்பி அனுப்பினார்கள். நோயும் கருச்சிதைவும் தொடர்ந்ததால், 1985இல் அந்த மக்களே தீவை விட்டு வெளியேறினார்கள்.

இவர்கள் அமெரிக்காவுக்கு வந்த கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது. 1986இல் மார்ஷல் தீவுகளும் மைக்ரோனேசியக் கூட்டாட்சி நாடுகளும், 1994இல் பலாவும் அமெரிக்காவோடு ஓர் ஒப்பந்தத்துக்குள் வந்தன. அதன்படி அத்தீவுகளின் பாதுகாப்பும் சுற்றியுள்ள கடலில் இராணுவ ஆதிக்கமும் அமெரிக்காவிடம். குவாஜலின் தீவில் ஏவுகணைச் சோதனைத் தளம் இன்றும் இயங்குகிறது. பதிலுக்கு நிதியுதவியும், விசா இல்லாமல் அமெரிக்காவில் வாழவும் வேலை செய்யவும் அத்தீவு மக்களுக்கு உரிமையும் கிடைத்தன. ஆக, அவர்கள் அழையா விருந்தாளிகள் அல்லர். தங்கள் நிலத்தையும் கடலையும் விலையாகக் கொடுத்து வந்தவர்கள்.

படிப்பு, கூலி, மருத்துவம் ஆகிய மூன்றும்தான் அவர்களைக் கப்பலும் விமானமும் ஏற வைக்கின்றன. புற்றுநோய்க்கான கதிர்வீச்சுச் சிகிச்சை மார்ஷல் தீவுகளில் கிடையாது. குவாமுக்கும் ஹவாய்க்கும் போனார்கள். ஆர்கன்சாஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்டேல் நகரில் கோழி இறைச்சி ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். ஓரிகனிலும் வாஷிங்டன் மாநிலத்திலும் குடியேறினார்கள். அங்கே வரி கட்டுகிறார்கள். அமெரிக்க இராணுவத்திலும் சேரலாம். ஆனால் வாக்குரிமை இல்லை. எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் ஒப்பந்தத்தின் வழியாகக் குடியுரிமை வராது.

1996இல் அமெரிக்கா நலத்திட்டங்களைச் சுருக்கிப் புதிய சட்டம் கொண்டுவந்தது. ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்ட் பெறத் தகுதியுள்ள வெளிநாட்டவர் யார் யார் என்ற பட்டியலில் இந்த மக்கள் இடம்பெறவில்லை. ஒரே பட்டியல் விடுபடலில் அவர்களின் காப்பீடு பறிபோனது. ஹவாய் மாநிலம் சில காலம் சொந்த நிதியில் ஈடுகட்டியது. 2010இல் அதையும் குறைத்தது. மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மாநில அரசின் பக்கமே தீர்ப்பளித்தது.

பெயரிலும் இழிவு சேர்ந்தது. சூக், பொன்பே, கோஸ்ரே, யாப், மார்ஷல், பலாவ் என ஒவ்வொரு தீவுக்கும் தனி மொழி உண்டு. ஹவாயில் எல்லோரையும் ‘மைக்ரோனேசியர்’ என்ற ஒரே சொல்லில் அடைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லே வசையானது. அடுத்தவர் வைத்த பெயர் எப்படி வசையாக மாறும் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சாதி வேறு, இது வேறு. ஆனால் இழிவுபடுத்தும் முறை நமக்குப் பழக்கமானதே.

இந்த நிலையில்தான் அந்த மக்கள் தங்களுக்கான உதவி மையங்களைத் தாங்களே தொடங்கினார்கள். ஹொனலுலுவில் ‘வீ ஆர் ஓஷியானியா’, ஸ்பிரிங்டேலில் ‘ஆர்கன்சாஸ் கோயலிஷன் ஆஃப் மார்ஷலீஸ்’, ஓரிகனில் ‘கோஃபா அலையன்ஸ் நேஷனல் நெட்வொர்க்’ போன்றவை அவற்றுள் சில. இத்தகைய மையங்களின் அன்றாட வேலை பெரிதாகத் தோன்றாது. காப்பீட்டு விண்ணப்பம் நிரப்புவது, மருத்துவமனைக்குக் கூடப் போய் மொழிபெயர்ப்பது, ஒப்பந்தத்தைக் கேள்விப்பட்டிராத அலுவலரிடம் இவர் சட்டப்படிதான் இங்கே இருக்கிறார் என்று தாளைக் காட்டி விளக்குவது. மொழிபெயர்ப்பாளர் இல்லாத இடத்தில் தாயின் நோயைத் தாய்க்குச் சொல்லும் சுமை பள்ளிப் பிள்ளையின் தலையில் விழுகிறது. அந்தச் சுமையை இறக்குவதும் விடுதலைப் பணிதான்.

இந்த மேசைகளுக்கு இன்னொரு பயனும் உண்டு. பத்துப் பேர் ஒரே காரணத்தால் திருப்பி அனுப்பப்பட்டால், குறை விண்ணப்பத்தில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது என்று அங்கே தெரிந்துவிடும். அடையாள அட்டைச் சட்டத்தின் வாசகத்தால் இவர்களுக்கு முழுக்கால ஓட்டுநர் உரிமம் மறுக்கப்பட்டது. 2018 டிசம்பரில் அச்சட்டம் திருத்தப்பட்டது. ஓரிகன் மாநிலம் 2016இல் இவர்களுடைய காப்பீட்டுச் சந்தாவைத் தானே கட்டச் சட்டம் இயற்றியது. வாக்குரிமை இல்லாத மக்கள், வாக்குள்ளவர்களை அணிதிரட்டி இவற்றைப் பெற்றார்கள்.

2020இல் கொரோனா வந்தது. ஆர்கன்சாஸின் வடமேற்கு மாவட்டங்கள் இரண்டில் மார்ஷல் மக்கள் மக்கள்தொகையில் 3 விழுக்காட்டைத் தாண்டவில்லை. தொற்றின் முதல் மாதங்களில் அங்கு இறந்தோரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவர்கள்தான். நெருக்கடியான வீடு, வீட்டிலிருந்து செய்ய முடியாத ஆலை வேலை, முன்பே இருந்த நீரிழிவு, இல்லாத காப்பீடு ஆகியவை ஒன்றுகூடிய விளைவு இது. அந்த ஆண்டு டிசம்பரில் மெடிகெய்ட் உரிமை திரும்பி வந்தது. இடையில் 24 ஆண்டுகள் கடந்திருந்தன. 2024 மார்ச்சில் உணவு உதவி போன்ற திட்டங்களும் திறந்தன.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. தொண்டு வேறு, போராட்டம் வேறு என்று நம்மிடையே அடிக்கடி பிரித்துப் பேசுகிறோம். மனு எழுதிக் கொடுப்பவரைச் சீர்திருத்தவாதி என்று ஒதுக்குகிறோம். தெருவில் இறங்குபவர் மேசை வேலையை மதிப்பதில்லை. மைக்ரோனேசிய மக்களின் அனுபவம் இந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. வெறும் உதவி மட்டும் செய்திருந்தால் இன்றும் வரிசை நீண்டிருக்கும். வெறும் முழக்கம் மட்டும் எழுப்பியிருந்தால், சட்டத்தின் எந்த வரியைத் திருத்த வேண்டும் என்றே தெரிந்திருக்காது.

நினைவும் இந்த வேலையின் பகுதிதான். மார்ச் 1 மார்ஷல் தீவுகளில் அணுகுண்டால் பாதிக்கப்பட்டோரின் நினைவு நாள். ஸ்பிரிங்டேலிலும் அதை நினைவுகூர்கிறார்கள். மார்ஷல் கவிஞர் கேத்தி ஜெட்னில்-கிஜினர் 2014இல் ஐ.நா. காலநிலை மாநாட்டின் மேடையில் தன் கவிதையை வாசித்தார். ‘ஏன் இங்கே வந்தீர்கள்?’ என்று கேட்பவருக்கு விடை சொல்ல இலக்கியமும் வரலாறும் வேண்டும். அந்த விடை இல்லாவிட்டால் உரிமை பிச்சையாகத் தெரியும்.

நம் ஊர்களிலும் சாதிச் சான்றிதழுக்கும் கல்வி உதவித்தொகைக்கும் விண்ணப்பம் எழுதித் தரும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். திருப்பி அனுப்பப்படும் ஒவ்வொரு விண்ணப்பத்தையும், சொல்லப்பட்ட காரணத்தையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆண்டு முடிவில் எல்லோரும் கூடி உட்கார்ந்து அந்த நோட்டுகளைப் படிப்போம். அடுத்து எந்த அரசாணைக்காகப் போராட வேண்டும் என்பது அதில் எழுதியிருக்கும்.