பறக்கும் முதியவர்கள் – 9: வால்பக்கத்து ஜன்னல்

தரையிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் உயரம். விமானத்தின் வால்பக்க அடிவயிற்றில், ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு ஒரு குழிவு. அங்கே ஒருவர் தாடையை ஒரு தாங்கியில் பதித்துக் குப்புறப் படுத்திருக்கிறார். முகத்துக்கு நேரே கண்ணாடி ஜன்னல். அதற்கு அந்தப்புறம், தெருவில் எதிர்வீடு இருக்கும் தூரத்தில், இன்னொரு விமானம் மூக்கை நீட்டியபடி அங்குலம் அங்குலமாக நெருங்குகிறது. இரண்டும் மணிக்கு எண்ணூறு கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் போய்க்கொண்டிருக்கின்றன. படுத்திருப்பவரின் வலக்கை அசைவுக்கு ஏற்ப, வெளியே தொங்கும் நீண்ட உலோகக் குழாய் இடம் வலமாகவும் மேல் கீழாகவும் அசைகிறது. குழாயின் நுனியில் இரண்டு சிறிய இறக்கைகள் உண்டு. அவர் அதைத் தள்ளுவதில்லை, பறக்க விடுகிறார். இடக்கையால் குழாயை நீட்டுகிறார். பின்னால் வரும் விமானத்தின் முதுகில், உள்ளங்கை அகலத்தில் ஒரு துளை. அதில் குழாய் போய் அமர வேண்டும்.

வானிலேயே எரிபொருள் கொடுக்கும் அந்தக் குழாயின் பெயர் பூம். அதை இயக்குபவரை அமெரிக்க விமானப்படையில் பூமர் என்று கூப்பிடுவார்கள். இந்த வாரக் கதை அவருடைய விமானமான கேசி-135 ஸ்ட்ராட்டோடேங்கரைப் பற்றியது. ஆனால் அந்த ஜன்னலை விட்டு என்னால் அதிக தூரம் நகர முடியாது. இந்த விமானத்துக்கு மாற்று தேடிய கால்நூற்றாண்டுக் கதையில் பெரிய முடிச்சு விழுந்த இடமே அதுதான்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவிடம் பி-47 போன்ற ஜெட் குண்டுவீச்சு விமானங்கள் வந்துவிட்டன. அவற்றுக்கு எரிபொருள் கொடுக்கும் டேங்கரான கேசி-97 மட்டும் பழைய விசிறி எஞ்சினில் ஓடியது. அதன் முழு வேகத்தில் பி-47 பறந்தால் கீழே விழுந்துவிடும் நிலை. அதனால் இரண்டும் சேர்ந்து சரிவில் இறங்கியபடியே எரிபொருள் மாற்றிக்கொண்டன. சறுக்குமரத்தில் இறங்கும் இரண்டு பேர் கைகோத்திருப்பதுபோல. கனத்துப்போன ஜெட் அதற்குப் பிறகு இழந்த உயரத்தைத் திரும்பப் பிடிக்க வேண்டும். அதற்கே வாங்கிய எரிபொருளில் ஒரு பங்கு போய்விடும்.

அப்போது போயிங் நிறுவனம் தன் சொந்தப் பணத்தில் ஒரு ஜெட்டைச் செய்துவைத்திருந்தது. டாஷ்-80 என்ற அந்த மாதிரி விமானம் 1954 ஜூலை 15 அன்று பறந்தது. அதன் வழியில் வந்த கேசி-135 முதன்முதலாகப் பறந்தது 1956 ஆகஸ்டில். 1957 ஜூனில் கலிபோர்னியாவின் காசில் விமானதளத்தில் பணியில் சேர்ந்தது. இதைப் பலரும் 707 பயணிகள் விமானம் என்றே நினைக்கிறார்கள். இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவைதான், ஆனால் ஒன்றல்ல. டேங்கரின் உடல் நான்கு அங்குலம் ஒடுக்கம். மொத்தம் 732 செய்தார்கள். கடைசி விமானம் ஒப்படைக்கப்பட்டது 1965இல். அதாவது இன்று பறக்கும் கேசி-135களில் மிக இளையதற்கே அறுபது வயது.

அறுபது வயதில் எப்படிப் பறக்கிறது? உடலில் பாதியை மாற்றித்தான். ஆரம்பத்தில் இருந்த எஞ்சின்களுக்கு முழுச் சுமையோடு மேலே எழும்ப வலு போதாது. புறப்படும் நேரத்தில் எஞ்சினுக்குள் தண்ணீர் பீய்ச்சுவார்கள்; இரண்டாயிரத்து ஐந்நூறு லிட்டர் தண்ணீர் சில நிமிடங்களில் தீரும், ஓடுபாதை முழுக்கக் கரும்புகை. இறக்கையின் அடித்தகடுகளைப் பின்னர் புதிதாகப் போர்த்தினார்கள். 1984 முதல் சிஎஃப்எம்-56 எஞ்சின்கள் பொருத்தப்பட்டன. விமானி அறைக்கும் புதுக் கருவிகள் வந்தன. துருவோடு நடக்கும் சண்டை மட்டும் இன்னும் முடியவில்லை. ஒவ்வொன்றையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்துப் பார்த்து, அரித்த இடத்தை வெட்டிச் சேர்க்கிறார்கள். தயாரிப்பு நின்றுபோன உதிரிபாகங்களைப் பணிமனையிலேயே கடைந்து எடுக்கிறார்கள். இந்தத் தொழிலாளர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. 370க்கும் மேற்பட்ட கேசி-135கள் இன்றும் பறப்பது அவர்கள் கைவேலை.

மாற்று விமானம் வாங்கிய கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன், அதில் சுரக்கும் கசப்பு அதிகம். 2001இல் போயிங் 767ஐ டேங்கராக்கிக் குத்தகைக்கு எடுக்கும் திட்டம் கிளம்பியது. கொள்முதல் அதிகாரி டார்லீன் ட்ரூயன், ஒப்பந்தம் பேசிக்கொண்டே அதே நிறுவனத்தில் வேலை பேசியது அம்பலமானது. அவருக்குச் சிறை, திட்டத்துக்குச் சமாதி. 2008இல் நார்த்ராப், ஏர்பஸ் கூட்டணி வென்றது. தேர்வுமுறையில் பிழை என்று அரசுத் தணிக்கை அமைப்பு சொல்ல, அதுவும் ரத்து. 2011இல் 179 விமானங்களுக்கான ஒப்பந்தம் போயிங்குக்கே போனது. கேசி-46 என்று பெயரிட்ட அந்த விமானத்தின் முதல் ஒப்படைப்பு 2019 ஜனவரியில்.

புதிய விமானத்தில் அந்த ஜன்னல் இல்லை.

பூமர் முன்பக்கம், விமானிகளுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். வால்பக்கத்துக் கேமராக்கள் அனுப்பும் படத்தை, முப்பரிமாணக் கண்ணாடி மாட்டிக்கொண்டு திரையில் பார்க்கிறார். கேட்க வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் சூரியன் சில கோணங்களில் நிற்கும்போது படம் வெளுத்துவிடுகிறது. நிழல் விழுந்தால் விவரம் மறைகிறது. அதைவிட மோசம், திரை காட்டும் ஆழம் கண் காணும் ஆழத்தோடு ஒத்துப்போகவில்லை. துளைக்கு வெளியே குழாய் உரசுகிறது, உரசியதே பூமருக்குத் தெரியாமல் போகிறது. ரேடாருக்குத் தப்பும் விமானங்களின் மேல்பூச்சுக்கு அந்தக் கீறலே பெரிய சேதம். கேமராவை அடியோடு மாற்றித் தருவதாக 2020இல் போயிங் ஒப்புக்கொண்டது. 2023இல் வரவேண்டிய அந்த மாற்றம் 2027க்குத் தள்ளிப்போயிருக்கிறது. விலை முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்ட ஒப்பந்தம் என்பதால் நட்டம் நிறுவனத்தின் தலையில்: 700 கோடி டாலருக்கு மேல்.

கேமராவே தவறு என்று நான் சொல்லவில்லை. ஏர்பஸ்ஸின் ஏ-330 டேங்கரிலும் திரை பார்த்துத்தான் பூமை இயக்குகிறார்கள், பல நாடுகளில் அது நன்றாகவே நடக்கிறது. என் மனத்தாங்கல் வேறு. அரை நூற்றாண்டாகக் குப்புறப் படுத்து வேலை செய்தவர்களின் கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்பதை, அந்த ஜன்னலை அடைப்பதற்கு முன்பே அளந்திருக்க வேண்டும். அந்தத் தூரம் தவறினால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய உதாரணம் உண்டு. 1966 ஜனவரி 17 அன்று ஸ்பெயினின் பாலோமரேஸ் கிராமத்துக்கு மேலே, ஒரு பி-52 குண்டுவீச்சு விமானம் வேகம் கூடுதலாகப் பின்னால் வந்து டேங்கர்மேல் மோதியது. டேங்கரில் இருந்த நான்கு பேரும், பி-52இல் மூவரும் இறந்தார்கள். நான்கு ஹைட்ரஜன் குண்டுகள் கீழே விழுந்தன. சில மீட்டர், சில நொடி. 'விலகு, விலகு, விலகு' என்று பூமர் குரல் கொடுப்பதற்குக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான்.

2024 செப்டம்பரில் பெரிய டேங்கரான கேசி-10 ஓய்வுபெற்றது. கேசி-135ஐவிடக் கால்நூற்றாண்டு இளையது அது. 2025இல் அமெரிக்க விமானப்படை இன்னும் 75 கேசி-46 வரை வாங்க முடிவெடுத்தது. அவை வந்து சேரும்வரை பழையவற்றை அனுப்பிவிட முடியாது, தேவை அவ்வளவு. 2025 ஜூனில் மிசௌரியிலிருந்து ஈரான்வரை போய்வந்த பி-2 குண்டுவீச்சு விமானங்கள் வானிலேயே பலமுறை எரிபொருள் வாங்கித்தான் திரும்பின.

நம் நாட்டுக் கதையும் இதைத் தொடுகிறது. இந்திய விமானப்படையிடம் இருப்பவை 2003 முதல் வந்த ஆறு ஐஎல்-78 டேங்கர்கள், ஆக்ராவைத் தளமாகக் கொண்டவை. அவை பறக்கத் தயாராக இருந்த அளவு மிகக் குறைவு என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2017 அறிக்கையில் குறை சொன்னார். ஏ-330 டேங்கரை வாங்க இரண்டு முறை முயன்று இரண்டு முறையும் கைவிட்டார்கள். நம் போர்விமானங்களின் முறையும் வேறு: டேங்கர் ஒரு ரப்பர் குழாயைக் கூடையோடு தொங்கவிடும், அதில் தன் மூக்கருகே உள்ள குழலை நுழைக்க வேண்டியவர் பின்னால் வரும் விமானிதான். அதைப் பழகுவதற்கே டேங்கர் போதவில்லை.

2025 மார்ச்சில் பாதுகாப்பு அமைச்சகம் மெட்ரியா என்ற தனியார் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது, விமானப்படை, கடற்படை விமானிகளின் பயிற்சிக்காக ஒரு டேங்கரை வாடகைக்கு எடுக்க. அந்த விமானம் ஒரு கேசி-135. வாடகையில் ஓட்டுபவர்களும் பராமரிப்பவர்களும் அடக்கம்.